64 குதிரைகளும் ஒரு வார்னிஷ் டப்பாவும்

போன வருடம் மார்ச்சில் ஆரம்பித்தது. லீட்ஸுக்கு வேலைக்கு வந்து நான்காவது வருடம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு சர்ச் ஹாலில், புதன்கிழமை மாலைகளில் கூடும் கிளப் ஒன்று கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பச்சைத் துணி விரித்த மேசையில் விரல்நகம் உயரச் சிப்பாய்களை அணி அணியாக நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துவார்கள். சதுரங்கம் மாதிரிதான். ஆனால் காய்களுக்கு நாமே வர்ணம் தீட்டிக் கொண்டுவர வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரைப் பெரிதாக ஆடப்போகிறோம், யார் எந்தப் படையைக் கொண்டுவருவது என்று பேச்சு வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பிரெஞ்சுக் குய்ராசியர்கள் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் தீட்டியிருந்தது மொத்தமே எட்டுக் காலாட்கள். குதிரை ஒன்றுகூட இல்லை.

குய்ராசியர் என்பது நெப்போலியனின் கனரகக் குதிரைப்படை. எஃகு மார்புக் கவசம், பித்தளைக் கொண்டை வைத்த தலைக்கவசம், அதிலிருந்து பின்பக்கம் தொங்கும் கறுப்புக் குதிரைமயிர், நீலக் கோட்டு. 1815 ஜூன் 18 மாலை, மார்ஷல் நே தலைமையில் சதுர அணிகளாக நின்ற பிரிட்டிஷ் காலாட்படை மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். நான் தேர்ந்தெடுத்தது தளபதி மிலோவின் படையிலிருந்த வாத்தியே டிவிஷன்: 1, 4, 7, 12 ஆகிய நான்கு ரெஜிமென்ட்கள். காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது. 1812இல் வந்த சீருடை விதிப்படி குய்ராசியர் ரெஜிமென்ட்களுக்கு மூன்று மூன்றாகக் காலர் நிறம். 1 முதல் 3 வரை சிவப்பு, 4 முதல் 6 வரை 'அரோர்' என்கிற விடியல் ஆரஞ்சு, 7 முதல் 9 வரை மஞ்சள், 10 முதல் 12 வரை ரோஜா. இந்த ஒரு டிவிஷனை எடுத்தால் நான்கு நிறமும் வந்துவிடும், மேசை பார்க்க அழகாக இருக்கும். ரெஜிமென்டுக்கு 16 பேர், ஆக 64 வீரர்கள், 64 குதிரைகள்.

நான் செய்த எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு அந்த 64தான், எண்ணிக்கை அல்ல, அத்தனையையும் ஒன்றாக நகர்த்தியது. 64க்கும் அடிப்பூச்சு, பிறகு 64க்கும் நீலம், பிறகு 64க்கும் கவசம் என்று தொழிற்சாலை மாதிரி போனேன். நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். ஒரே ஒரு குதிரையை ஆரம்பம் முதல் வார்னிஷ் வரை முடித்துப் பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு தவறையும் 64 தடவை செய்தேன்.

முதலில் பணம். புது உருவங்கள் 40, தபால் செலவோடு 92 பவுண்டு. மீதி 24ஐ இணைய ஏலத்தில் பழையதாக எடுத்தேன், 38 பவுண்டு. "15 மி.மீ. குய்ராசியர், தீட்டாதது" என்று போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்து புதியவற்றின் பக்கத்தில் வைத்தால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருந்தன. 15 மி.மீ. என்பதைச் சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. போதாக்குறைக்கு இப்போது வரும் '15' பல 18ஐத் தொடுகின்றன. காலாட்களில் இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது. குதிரையில் உறுத்தும். புது வீரர்கள் குதிரை மேல் இருக்க, பழையவர்கள் கன்றுக்குட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப 24 புதிதாக வாங்க 56 பவுண்டு ஆனது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அவர் போட்டது பொய் இல்லை. வாங்கும் முன் ஒரு குதிரையை அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய 24ஐக் கோபத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். அந்த டின் பின்னால் வரும்.

ஈயச் சிப்பாய் என்று பேச்சுக்குச் சொன்னாலும் இப்போது வருவது பெரும்பாலும் வெள்ளீயக் கலவை. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வார்ப்புக்கோடு இருக்கும். குதிரையில் அது பிடரியின் உச்சி வழியாக, முதுகு, பின்தொடை, வயிறு என்று சுற்றி வரும். வெறும் உலோகத்தில் கண்ணுக்கே தெரியாது. தெரியவில்லையே என்று விட்டேன். நான்கு மாதம் கழித்து வர்ணம் ஏறி நிழல் விழுந்ததும் ஒவ்வொரு குதிரையின் பின்பக்கத்திலும் தையல் போட்ட மாதிரி தெரிந்தது. அதைச் சரிசெய்ய வழி இல்லை, சகித்துக்கொண்டேன். பிரஷைத் தொடும் முன் ஒரு சின்ன அரத்தால் தேயுங்கள். கண்ணை நம்பாமல் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் இடறும் இடம் எல்லாம் கோடுதான்.

அடுத்தது, வீரனைக் குதிரை மேல் ஒட்டிவிட்டுத் தீட்டுவதா, தனித்தனியாகத் தீட்டி ஒட்டுவதா? கிளப்பில் இதைக் கேட்டால் அரை மணி நேரம் சண்டை நடக்கும். நான் முதல் 16ஐ ஒட்டிவிட்டேன். காலுக்கும் சேணத்துக்கும் நடுவில் பிரஷ் போகவில்லை. மிச்சத்தைத் தனித்தனியாகச் செய்தேன், வீரர்களை ஒரு ஐஸ் குச்சியில் நாலு நாலாக ஒட்டி, குதிரைகளைப் பெரிய ஆணித் தலையில் நிறுத்தி. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வர்ணத்தின் மேல் சூப்பர் குளூ போட்டால் அது உலோகத்தைப் பிடிப்பதில்லை, வர்ணத்தைத்தான் பிடிக்கிறது. லேசாக இடித்தால் வர்ணத்தோடு உரிந்து வீரன் கீழே விழுவான். சேணத்தின் நடுவிலும் வீரனின் அடியிலும் கத்தி முனையால் சுரண்டி, உலோகம் பளபளத்த பிறகு ஒட்டினால் நிற்கும். 6 மி.மீ. மாதிரிப் பொடி அளவில் தீட்டுகிறவர்கள் கவலையே படாமல் முதலிலேயே ஒட்டிவிடலாம்.

இப்போது குதிரை. எனக்குக் குதிரை என்றால் பழுப்பு. ஒரே பழுப்பு பாட்டிலை எடுத்து உடல், கால், பிடரி, வால் எல்லாவற்றுக்கும் பூசி முதல் 16ஐ முடித்தேன். கிளப்பில் 80 வயதை நெருங்கும் ஒரு பெரியவர், சிறுவயதில் பண்ணையில் வளர்ந்தவர், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் ஒரே தாய்க்குப் பிறந்த மாதிரி இருக்கிறதே." அன்றைக்குத்தான் குதிரை நிறத்துக்கு இலக்கணம் இருப்பது தெரிந்தது. 'பே' என்கிற செம்பழுப்புக் குதிரைக்கு உடல் எந்தப் பழுப்பானாலும் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பு. 'செஸ்ட்நட்' என்றால் பிடரியும் வாலும் உடலின் நிறமே, அல்லது அதைவிட வெளிர், எங்கும் கறுப்பு வராது. கணுக்காலில் வெள்ளை இருந்தால் அதன் கீழ் குளம்பு பெரும்பாலும் வெளிர்நிறம், கால் கறுப்பானால் குளம்பும் கறுப்பு. சாம்பல் குதிரை பார்க்க வெள்ளையாக இருந்தாலும் மூக்கைச் சுற்றித் தோல் கருமையாகத் தெரியும். கனரகப் படையில் அடர்ந்த நிறங்களே அதிகம் என்பதால் 'பே'யும் கறுப்பும் நிறைய, செஸ்ட்நட் கொஞ்சம் என்று பிரித்தேன். எக்காளம் ஊதுபவனுக்கு மட்டும் சாம்பல் குதிரை. அவன் கவசம் போடமாட்டான், கோட்டின் நிறமும் வேறு. ரெஜிமென்டுக்கு ஒருவன் இப்படி இருந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் உயிர் வருகிறது. நெற்றிப் பொட்டு, மூக்குக் கோடு, வெள்ளைக் கணுக்கால் எல்லாக் குதிரைக்கும் வேண்டாம், மூன்றில் ஒன்றுக்குப் போதும்.

அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்த எண்ணெய் வர்ண முறையைத்தான் இந்த எட்டு மாதத்தின் லாபம் என்று சொல்வேன். குதிரைக்கு வெளிர் அடிப்பூச்சு போட்டு, அதன் மேல் அக்ரிலிக்கில் கண்ணைக் கூசும் ஆரஞ்சோ காவி மஞ்சளோ பூச வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும். அது நன்றாகக் காய்ந்த பிறகு ஓவியர்கள் வாங்கும் டியூப் எண்ணெய் வர்ணத்தில் 'பர்ன்ட் அம்பர்' என்கிற அடர்பழுப்பை எடுத்து, ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டு, குதிரை முழுவதும் பூசுங்கள். சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்சால் முதுகிலிருந்து கீழ்நோக்கித் துடைத்தால், தொடையின் மேட்டில் ஆரஞ்சு எழும்பி வரும், தசைமடிப்பில் பழுப்பு தங்கிவிடும். விலா எலும்பு, கழுத்து நரம்பு எல்லாம் தானாகத் தெரியும். நான் ஒரு மணி நேரம் பிரஷால் போராடி வராத நிழல் இரண்டு நிமிடத்தில் வந்தது. குதிரை தனியாக இருந்தால்தான் இப்படித் துடைக்க முடியும், அதனால்தான் முன்பே ஒட்ட வேண்டாம் என்கிறேன்.

ஆனால் எண்ணெய் வர்ணம் தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மறுநாள் மாலையே 20 குதிரைகளின் கடிவாள வாரை அக்ரிலிக் கறுப்பில் தீட்ட உட்கார்ந்தேன். வாழையிலையில் தண்ணீர் மாதிரி வர்ணம் உருண்டு ஓடியது. வம்பாக மேலே மேலே பூசினேன். வாரக் கடைசியில் தோலாக உரிந்தது. குறைந்தது மூன்று நாள், குளிர்காலமானால் ஒரு வாரம் விடுங்கள். கறுப்பு டியூப் இன்னும் தாமதமாகக் காயும். அப்புறம், எண்ணெய்க்கு மலிவான பிரஷ் போதும். 11 பவுண்டு கொடுத்து வாங்கிய சேபிள் பிரஷை நான் டர்பன்டைனில் முக்கியெடுத்தேன், அதன் முனை பிறகு சேரவே இல்லை.

கவசம் எளிது. கறுப்பு, அதன் மேல் எஃகு நிறம், அதன் மேல் நீர்த்த கறுப்பு வாஷ், கடைசியில் மார்பின் மேட்டில் மட்டும் வெள்ளி. சீருடையில் நான் சொல்ல விரும்புவது இரண்டுதான். ஒன்று, உலோக வர்ணத்துக்குத் தனித் தண்ணீர்க் கோப்பை. இல்லாவிட்டால் வெள்ளித்துகள் நீலக் கோட்டில் ஏறி, ஜிகினா போட்ட நாடகக் கோட்டு மாதிரி மினுங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. இரண்டாவது, நிஜத் துணியின் நிறத்தைச் சின்ன உருவத்தில் அப்படியே பூசினால் இருண்டு போகும். என் அடர்நீலம் இரண்டடி தள்ளிப் பார்த்தால் கறுப்பு, விடியல் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றே. எல்லாவற்றையும் இரண்டு படி வெளிறவைத்த பிறகுதான் நான்கு ரெஜிமென்டும் நான்காகத் தெரிந்தன. கண்விழி, பொத்தான் என்று ஆகஸ்ட் முழுவதும் நான் கழித்த நேரம் வீண். மேசையில் கை நீட்டும் தூரத்திலிருந்து யாருக்கும் அது தெரியவில்லை.

ஜூலையில் ஒரு நாள் லண்டன் போய் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் வில்லியம் சைபோர்னின் வாட்டர்லூ மாதிரியைப் பார்த்துவிட்டு வந்தேன். 70,000க்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மி.மீ. அந்த மனிதர் போர்க்களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டு, மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டார். அரசு 1833இல் பணத்தை நிறுத்தியது. அவர் கடன் வாங்கி முடித்தார். 1838இல் லண்டன் பிக்காடிலியில் காட்சிக்கு வைத்து, கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தும், போட்ட பணம் திரும்பவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது என் 300 பவுண்டு கொஞ்சம் லேசானது. பயிரைக் கேட்டாரே, அதுவும் மனதில் நின்றது. முந்தின இரவு கொட்டிய மழை, மிதிபட்ட கம்புப் பயிர், சேறு. என் பேஸ்களில், அதாவது உருவங்களை ஒட்டும் அடிப்பலகைகளில், பச்சைப் புல்லுக்குப் பதில் ஈரச்சேறும் சாய்ந்த வைக்கோல் நிறமும் வந்தது அதனால்தான். குதிரையின் முழங்கால் வரை தெறித்த சேறு பல பிழைகளையும் மறைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேஸ் விஷயத்தில் இன்னொன்று. குதிரையை வைத்துப் பார்க்காமல் 30க்கு 30 மி.மீ. பலகைகள் 32 வாங்கினேன், பேஸுக்கு இரண்டு குதிரை கணக்கு. பாயும் குதிரையின் மூக்கும் வாலும் வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு வரிசைக்குப் பின் இன்னொன்றை வைக்க முடியவில்லை. 30க்கு 40 மறுபடி வாங்க 9 பவுண்டு.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. ஆட்டத்துக்கு இன்னும் எட்டு நாள். 64ம் முடிந்து அட்டைப் பெட்டிகளில் வரிசையாக நின்றன. பளபளக்காத 'மேட்' வார்னிஷ் மட்டும் பாக்கி, கை பட்டுப் பட்டு வர்ணம் தேயாமல் இருக்க. வீட்டுக்குள் தெளித்தால் நாற்றம் என்பதால் தோட்டத்து ஷெட்டில் வைத்தேன். வெளியே ஐந்து டிகிரி, மதியம் வரை தூறல். டப்பாவை நாலு குலுக்கு குலுக்கி முதல் ரெஜிமென்டில் தெளித்தேன். ஈரமாக, பளபளப்பாக, அருமையாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. 12ஆம் ரெஜிமென்ட் மேல் எனக்குப் பாசம் அதிகம், அதற்கு இரண்டு தடவை. உள்ளே வந்து டீ குடித்தேன். அரை மணி நேரத்தில் மனைவி ஏதோ எடுக்க ஷெட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "ஏங்க, எல்லாத்துக்கும் விபூதி பூசி வச்சிருக்கீங்களா?"

ஓடிப் பார்த்தேன். சிரிக்கத்தான் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. நீலம், சிவப்பு, ஆரஞ்சு எதுவும் இல்லை. எல்லாவற்றின் மேலும் சாம்பல் வெள்ளை படிந்திருந்தது, பள்ளங்களில் தடிப்பாக. கறுப்புக் குதிரைகள் சாம்பல் குதிரைகளாகிவிட்டன. ஏறக்குறைய 100 மணி நேர வேலை. அன்று இரவு யாரிடமும் பேசவில்லை. ஊரிலிருந்து வீடியோவில் வந்த அம்மா, அக்டோபரிலிருந்தே இதைக் கொலு பொம்மை என்று நினைத்துக்கொண்டிருப்பவர், "கொலுதான் முடிஞ்சுபோச்சே, இப்ப என்னடா அவசரம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். தெளித்ததும் கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பை இன்னும் குளிரவைக்கிறது. ஈரக் காற்றிலிருந்து நீர் அந்தப் படலத்தில் படிந்து மாட்டிக்கொள்கிறது. காயக் காயத்தான் வெளுக்கும், ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்று. மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் தூள் டப்பாவின் அடியில் படிந்திருக்கும், சரியாகக் குலுக்காவிட்டால் அதுவும் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஒன்றைத் தெளித்து அரை மணி நேரம் பொறுத்திருந்தால் 63 பிழைத்திருக்கும். இப்போது 8 பவுண்டுக்கு ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடுவதில்லை. தெளிக்கும் முன் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து, கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் குலுக்குகிறேன். கொதிநீர் கூடவே கூடாது, வெடிக்கும். சென்னை, கொழும்பு மாதிரி ஊர்களில் மழைக்காலத்தில் தீட்டுகிறவர்கள் தெளிப்பு டப்பாவை மறந்துவிட்டு பிரஷால் பூசும் வார்னிஷ் வாங்குவது நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவருக்குப் போன் செய்தேன். பதறாதே, பளபளக்கும் வார்னிஷை, அதாவது கிளாஸை, ஒரே ஒரு குதிரையில் பிரஷால் பூசிப் பார் என்றார். அதிகம் பழுதாகாத 4ஆம் ரெஜிமென்டில் ஒருவனை எடுத்தேன். கழுத்தில் முதல் கோடு இழுத்ததும் விடியல் ஆரஞ்சுக் காலர், ஈரத்தில் நனைந்த கூழாங்கல் மாதிரி, அப்படியே திரும்பி வந்தது. இரவு ஒரு மணி வரை பூசினேன். 48 பிழைத்தன. ஒரு நாள் விட்டு, ஹாலில் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, பிரஷால் மேட் வார்னிஷ். 12ஆம் ரெஜிமென்டின் 16 பேருக்குப் பூச்சு தடிப்பு, கிளாஸ் ஒன்றும் செய்யவில்லை. வர்ணத்தை முழுவதும் உரித்தெடுக்க, அவர்களைத் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு இரவு ஊறவைத்தேன். வீடே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணந்தது. பழைய டூத் பிரஷால் டெட்டாலிலேயே தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். முதல் மூன்றைக் குழாயில் நீட்டினேன், வர்ணம் முழுவதும் பசையாகி விரலோடு ஒட்டியது. கையுறை போட மறக்காதீர்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

மிச்சமிருந்த ஐந்து இரவில் 16ஐ மறுபடி தீட்டினேன். இந்த முறை முதலில் பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு கன்றுக்குட்டிக் குதிரையை எடுத்து, அடிப்பூச்சு முதல் வார்னிஷ் வரை அதில் முடித்துப் பார்த்தேன். எண்ணெய் காய நேரமில்லாததால் அக்ரிலிக் வாஷ் மட்டும். பொத்தான் இல்லை, கண் இல்லை. அடுக்கி வைத்தால் மற்ற மூன்று ரெஜிமென்டுக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்கே கஷ்டப்பட்டுத்தான் தெரிந்தது. மொத்தச் செலவு, ஈரப்பத மீட்டரைச் சேர்க்காமல், 306 பவுண்டு. வர்ண பாட்டில்கள், பிரஷ், வார்னிஷ் எல்லாம் அடக்கம். அதில் 68 முழுக்க என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

ஆட்டத்தில் என் 12ஆம் ரெஜிமென்ட் மேட்டின் மேல் நின்ற ஒரு பிரிட்டிஷ் சதுரத்தில் மோதி, பகடையில் இரண்டு தடவை ஒன்று விழுந்து, மூன்றாவது சுற்றில் மேசையை விட்டு ஓடியது. பெரியவர் அவர்களை எடுத்து வைக்க உதவினார், தலையைப் பிடிக்காமல் பேஸைப் பிடித்து, அதுதான் முறை. ஒரு பேஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, இவன்தானே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் என்றார்.

அடுத்து எதிர்ப்பக்கம், ஸ்காட்ஸ் கிரேஸ் என்கிற பிரிட்டிஷ் குதிரைப்படை. முழு ரெஜிமென்டுமே சாம்பல் குதிரை. ஆரஞ்சு அடிநிறம் அதற்கு ஆகாது. வெளிர் சாம்பலின் மேல் கறுப்பு எண்ணெயா, பழுப்பும் நீலமும் கலந்த எண்ணெயா என்று பார்க்க வேண்டும். டின்னில் இன்னும் 23 கன்றுக்குட்டிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை ஆணியில் நிறுத்தி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரை தொடுவதில்லை.